கார்வெட், மிசைல் போட் மாதிரி சின்னப் போர்க்கப்பலில் போனவர்கள் சொல்லுங்கள்: கடல் எப்படி இருந்தது?

முன்னாள் கடற்படை, ரேடார் பிரிவு

கார்வெட் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் ஏவுகணைக் குழாயை எண்ணுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கப்பலின் நீளம். ஜூன் கடைசியில் மும்பையை விட்டு வெளிக்கடலுக்குப் போனால் ஏன் என்று தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 100 மீட்டருக்கு மேல் இருக்கும், எங்கள் கார்வெட் அதைவிடக் குட்டை, அதனால் ஒவ்வொரு அலையிலும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். முகப்பு தண்ணீரை விட்டு வெளியே வந்து திரும்ப அறையும்போது கப்பல் முழுக்க அதிர்வு ஓடும். பங்க் படுக்கையில் படுத்திருப்பவன் உருண்டு விழாமல் இருக்க மெத்தையின் ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைத் திணித்துவிட்டுச் சுவரோடு ஒட்டிப் படுப்பான்.

சமையலறையில் பாத்திரம் வழுக்காமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி உண்டு, ஆனாலும் அந்த ஆட்டத்தில் சோறு வடிக்க முடியாது. ரொட்டி, அவித்த முட்டை, எலுமிச்சை, அவ்வளவுதான், பாதிப் பேர் அதையும் தொடமாட்டார்கள். என் வேலை இருட்டு அறையில் ரேடார் திரை முன்னால். அலை முகடுகளும் திரையில் புள்ளி புள்ளியாக விழும், அதில் அலை எது, மீன்பிடிப் படகு எது என்று பிரிக்க வேண்டும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அந்தப் பைக்குள் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தால் பார்த்துக்கொண்டிருந்த புள்ளி எங்கே போனது என்று தெரியாது. கப்பல் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கி.மீ.) ஓடும் என்று புத்தகத்தில் இருக்கும். அந்தக் கடலில் கேப்டன் அதில் பாதியாகக் குறைத்துவிடுவார், குறைக்காவிட்டால் முன்பக்கம் தாங்காது.

1971 டிசம்பரில் கராச்சியைத் தாக்கிய ஓசா ஏவுகணைப் படகுகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அவை சுமார் 200 டன், 40 மீட்டர்கூட நீளமில்லை, நான்கு ஏவுகணை, மூன்று டீசல் இன்ஜின். சோவியத் ஆட்கள் தங்கள் கரையைக் காக்கச் செய்தது, தூரம் போகிற வண்டி இல்லை. அந்த வருடத் தொடக்கத்தில் வந்த படகுகளை இறக்கப் பம்பாயில் தோதான கிரேன் இல்லாமல் கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து கரையோரமாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். இழுத்தே அவ்வளவு தூரம் கொண்டுவர முடியும் என்றால் கராச்சி வரை ஏன் முடியாது என்ற யோசனைக்கு அதுவும் ஒரு காரணம். டிசம்பரில் அரபிக் கடல் அடங்கிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூலையாக இருந்திருந்தால் அந்தத் திட்டத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வணிகக் கப்பல், இரண்டாம் அதிகாரி

நான் கடற்படை இல்லை, வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சோமாலியக் கொள்ளையர் தொல்லை இருந்த காலம், சொகோத்ரா தீவுக்குக் கிழக்கே ஜூலை மாதம். எங்களுடையது சரக்கு ஏற்றிய பல்க் கேரியர், 200 மீட்டருக்கு மேல் நீளம், மேசையில் டீ டம்ளர் வைத்தால் நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன ரோந்துக் கப்பல் வந்தது, எந்த நாடு என்பது வேண்டாம். அலை தூக்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டிய சிவப்பு பெயிண்ட் பளிச்சென்று தெரியும், அடுத்த நொடி முன்பீரங்கி வரை தண்ணீருக்குள். அந்த மாதங்களில் கொள்ளையர்களே கரையேறி உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களுடைய சின்ன ஸ்கிஃப் படகு அந்தக் கடலில் நிற்காது. காவலுக்கு வந்தவர்கள்தான் பாவம்.

கப்பல் கட்டும் தளம், எடைக் கணக்கு

என் வேலை கப்பலில் ஏறும் ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோ, கப்பலின் அடியிலிருந்து எத்தனை உயரத்தில் உட்காருகிறது என்று எழுதுவது. ஒவ்வொருவரும் கூடுதலாகக் கேட்பது கொஞ்சம்தான். ரேடாரை இன்னும் மேலே வைத்தால் இன்னும் தூரம் தெரியும் என்பார்கள், உண்மைதான், ஆனால் அந்த எடை மாஸ்ட் கம்பத்தின் உச்சியில் போய் உட்காரும். பெரிய கப்பலில் இதெல்லாம் கணக்கில் கரைந்துவிடும், 500 டன் கப்பலில் கரையாது.

அப்படியானால் அடியில் கனத்தைக் கூட்டிவிடலாமே என்று கேட்பார்கள். குண்டு அடிப்பாகம் உள்ள தஞ்சாவூர் பொம்மையைத் தட்டிப் பாருங்கள், வெடுக்கென்று திரும்பும். அதன் தலைமேல் நின்றுகொண்டு பைனாகுலர் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கவிழாது, ஆனால் மேலே இருப்பவனால் வேலை செய்ய முடியாது. மேல்கனம் கூடினால் ரோலிங் (பக்கவாட்டு ஆட்டம்) மெதுவாகி ஆட்டம் சுகமாக இருக்கும், சாய்ந்த கப்பல் அந்தப் பக்கமே கொஞ்சம் தயங்கி நிற்கும். எனக்குப் பயம் இந்தச் சுகத்தைப் பார்த்துத்தான். ஜப்பானின் தொமொசூரு என்ற சின்னப் போர்க்கப்பல் 1934 மார்ச்சில் சசெபோ பக்கம் புயலில் இப்படித்தான் கவிழ்ந்தது. 600 டன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு, கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்திய அன்றைய லண்டன் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இல்லை என்பதால் அதற்குள் பெரிய கப்பலின் ஆயுதங்களை அடைத்திருந்தார்கள். பிறகு கடற்படை முழுவதும் கணக்கைத் திரும்பப் பார்த்து, பல கப்பல்களில் ஆயுதத்தைக் குறைத்து அடியில் பாரம் சேர்த்தார்கள்.

இப்போதும் ஆசை மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் லிட்டோரல் காம்பாட் ஷிப்புக்கு (கரையோரப் போர்க்கப்பல்) 40 நாட் வேண்டும் என்றார்கள். 30லிருந்து 40க்குப் போக இன்ஜின் சக்தி இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அந்த எடையும் எரிபொருளும் வேறு எதையோ வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வரும். அதன் இரண்டு வகைகளில் ஒன்றான ஃப்ரீடம் வகுப்பில் டீசலையும் டர்பைனையும் இணைக்கும் கியர் தொல்லை கொடுத்தது, அந்த வகுப்பில் 2018ல் சேர்ந்த சியூ சிட்டி 2023ல் ஓய்வு பெற்றுவிட்டது. அலுமினிய உடம்புள்ள இண்டிபெண்டன்ஸ் வகுப்பில் விரிசல், சுமார் 8 அடி அலையில் 15 நாட்டுக்கு மேல் போனால் அது வளரக்கூடும் என்று 2022ல் செய்தி வந்தது. நம் பக்கம் வேறு வழியில் போனார்கள்: 1989ல் வந்த குக்ரி 91 மீட்டர், சுமார் 1,350 டன். 2014ல் வந்த கமோர்டா 109 மீட்டர், 3,000 டன்னுக்கு மேல். கார்வெட் என்றுதான் பெயர், அளவில் அதற்கு அடுத்த பெரிய வகையான பழைய ஃபிரிகேட். 2017ல் வந்த கில்டானில் மேல்கட்டுமானம் கார்பன் ஃபைபர் கலவை, மேல்கனம் குறைகிறது. எனக்குப் பிடித்த முடிவு இது, செலவு கூடினாலும்.

முன்னாள் கடற்படை, ரேடார் பிரிவு

ஆட்டத்தைக் குறைக்க ஸ்டெபிலைசர் துடுப்பு இருக்கிறதே என்று கேட்டவருக்கு: அது கப்பல் ஓடினால்தான் வேலை செய்யும். நீர்மூழ்கியை, ஒலியால் தேடும் சோனாரில் கேட்க மெதுவாகப் போக வேண்டும், அப்போது துடுப்பால் பெரிய பயன் இல்லை, ஆடிக்கொண்டே கேட்க வேண்டியதுதான்.

நம் கடற்படையின் புதுச் சின்னக் கப்பல் அர்னாலா பற்றிக் கேட்டவருக்கு: 2025 ஜூனில் விசாகப்பட்டினத்தில் சேர்ந்தது, நம் காட்டுப்பள்ளியில் கட்டியது, சுமார் 77 மீட்டர். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் வாட்டர்ஜெட் என்பதால் அடியில் புரொப்பெல்லர் நீட்டிக்கொண்டு இருக்காது, அடிப்பாகம் நீருக்குள் மூன்று மீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கும், கரையோரம் நீர்மூழ்கி தேட அது சரியான தேர்வு. கப்பல் பலமாக ஆடும்போது ஜெட்டின் வாய் காற்றை உறிஞ்சினால் தள்ளுவிசை விட்டு விட்டு வரும், அதுதான் என் கவலை. அதில் போனவர் யாராவது இருந்தால், நவம்பர் வாடைக் காற்றில் சென்னைக்கு வெளியே எப்படி ஓடியது என்று எழுதுங்கள்.