ஹேமக்கில் கொசுவலை: சேர்த்துத் தைத்ததா, தனி உறையா, பாதி வலையா?

ஷா ஆலாம் நடையன்:

வணக்கம் மக்களே. கூடாரத்தை ஸ்டோரில் போட்டுவிட்டு இப்போதெல்லாம் காட்டில் ஹேமக்கில்தான், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டும் தொங்கு படுக்கையில்தான், தூங்குகிறேன். இடுப்பு வலி போய்விட்டது, அதில் குறையே இல்லை. பிரச்சினை கொசுவலையில்தான்.

என்னிடம் இருப்பது வலையோடு சேர்த்தே தைத்த ஒற்றைத் துணி ஹேமக், பக்கவாட்டில் ஜிப். போன மாதம் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில், கோலா தஹானுக்கு மேலே ஆற்றோரமாகக் கட்டினேன். ஜிப்பை முழுக்க மூடி, உள்ளே ஒரு கொசுகூட இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் எழுந்தால் முதுகு, தொடையின் பின்பக்கம், இடது முழங்கை எல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருக்கிறது. முகத்தில் ஒன்றுகூட இல்லை! இதைவிடத் தொல்லை புழுக்கம். நடு இரவில் தாங்க முடியாமல் ஜிப்பைத் திறந்து காலை வெளியே நீட்டினேன். அப்புறம் காலின் கதி என்ன என்று கேட்கவா வேண்டும்.

பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரோடு தியோமான் தீவுக்குப் போகிறோம். அங்கே கடற்கரையில் அகாஸ் என்கிற பொடி ஈக்களின் கடி மோசம் என்கிறார்கள். இந்த ஹேமக்கையே ஏதாவது செய்து ஓட்டலாமா, முழுதாக மூடும் தனி வலை வாங்கலாமா, இல்லை தலைப்பக்கம் மட்டும் மூடும் பாதி வலை போதுமா? 150 வெள்ளிக்குள் முடித்தால் நல்லது.

ரவாங் ராஜா:

பாதி வலை போதும் தம்பி. தலையிலிருந்து வயிறு வரைக்கும் வலை, கீழே தூக்கப்பை. சின்னதாகச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம், காற்றும் தாராளமாக வரும். கேமரன் மலைப் பக்கம் நான் வேறு எதுவும் கொண்டுபோவதில்லை.

கிள்ளான் தையல்காரி:

ராஜா தம்பி சொல்வது கேமரனுக்குச் சரி. அங்கே ராத்திரி குளிரில் எப்படியும் காலை மூடிக்கொண்டுதான் படுப்பீர்கள், கொசுவும் குறைவு. கோலா தஹானில் தூக்கப்பைக்குள் காலை விட்டால் வெந்து போவீர்கள். காலைத் திறந்து வைத்தால் பாதி வலையில் மீதிப் பாதி கொசுவுக்கு விருந்து.

நான் வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். என் பையனும் அவன் கூட்டாளிகளும் காடு காடாகச் சுற்றுவதால் ஹேமக் வலையும் என் மெஷினுக்கே வந்துவிடும். எது கிழிந்து வருகிறது, எது எங்கே கடி வாங்கிக்கொண்டு வருகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் முதுகு. வலையில் ஓட்டை தேடாதீர்கள், கொசு உள்ளே வரவே இல்லை. ஹேமக்கில் படுத்தால் துணி முதுகோடு இறுகி ஒட்டிக்கொள்கிறது. நைலான் மெல்லிசு. கொசு கீழே உட்கார்ந்து துணி வழியாகவே ஊசி போட்டுவிட்டுப் போகும். சேர்த்துத் தைத்த வலை உங்கள் மேல்பக்கத்தை மட்டும்தானே மூடுகிறது. ஜிப்பை எவ்வளவு இறுக்கி மூடினாலும் முதுகுக்குக் காவல் கிடையாது.

முழங்கைக்கு வேறு காரணம். நீங்கள் தலையை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைத்துக் குறுக்காகப் படுப்பவர் என்று நினைக்கிறேன். அப்படிப் படுப்பதுதான் சரி, உடம்பு சமமாகக் கிடக்கும். ஆனால் இடது முழங்கை துணியின் ஓரத்துக்கே போய்விடும். வலையை அந்த ஓரத்தில்தான் தைத்திருப்பார்கள். தூக்கத்தில் முழங்கை வலையில் சாய்ந்ததும் வெளியே காத்திருக்கிற கொசுவுக்கு அதுவே போதும். வலை எவ்வளவு பொடிக்கண்ணாக இருந்தாலும் தோலைத் தொட்டால் பிரயோஜனம் இல்லை. இதற்குச் செலவில்லாத வழி உண்டு. ஹேமக்கின் இரண்டு பக்க ஓரத்திலும், தோளுக்கு நேராக, எலாஸ்டிக் கயிறு கட்டி வெளியே இழுத்து முளையடித்துவிடுங்கள். துணி விரிந்து வலை ஒரு சாண் தள்ளி நிற்கும்.

அடுத்து புழுக்கம். வீட்டுக் கட்டிலுக்குப் போடும் கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது வழக்கமான கணக்கு. ஒரு கண் ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிசு. கொசுவுக்கு அது போதும். அகாஸ் அதில் சாவகாசமாக நுழைந்துவிடும், அது மொத்தமே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். அதைத் தடுக்க வேண்டுமென்றால் கண் கட்டில் வலைக் கண்ணில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. கண் சிறுத்தால் காற்றும் குறையும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. விற்பனைக்கு வரும் ஹேமக்குகளில் நிறைய பொடிக்கண் வலைதான், பெட்டியில் பெருமையாக எழுதியும் இருப்பார்கள். காற்றே அசையாத தாழ்நிலக் காட்டில் அதுவே உங்களைப் புழுக்கி எடுத்திருக்கும்.

அதனால் என் கட்சி தனி உறைதான். ஹேமக் முழுவதையும், அடியும் சேர்த்து, சுற்றி மூடுகிற நீளக் குழாய். ஹேமக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மேலே இழுத்துக் கட்டும் ரிட்ஜ்லைன் கயிற்றில் தொங்கும், இரண்டு முனையிலும் சுருக்குக் கயிறு, அடியில் நுழைகிற வாய்க்கு ஒரு சுருக்கு. வாய்க்குள் நின்று, ஹேமக்கில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, கயிற்றை இழுத்துவிட்டால் முடிந்தது. ஜிப்பே வேண்டாம். என்னிடம் பழுதுக்கு வருவதில் பெரும்பாலும் ஜிப்தான், அதுவும் கடல்மணல் பல்லில் ஏறியதாக இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஹேமக் ஒன்றே இருக்கட்டும், காட்டுக்குப் பெருங்கண் உறை, கடலுக்குப் பொடிக்கண் உறை என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். துணி வாங்கித் தைத்தால் உங்கள் 150 வெள்ளியில் இரண்டுமே அடங்கும்.

வாங்கினாலும் தைத்தாலும் அடியில் தொளதொளவென்று இருக்கட்டும். ஹேமக் துணிக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் மறுபடியும் முதுகில் ஊசிதான். ரொம்பத் தாழ்ந்தும் தொங்கக் கூடாது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மரத்தில் கட்டிய பட்டை இழுபட்டு ஹேமக் இறங்கும், உறை தரையைத் தொட்டால் எறும்பு ஏறும். கட்டியபிறகு ஒரு தடவை உட்கார்ந்து, கூட இருப்பவரை விட்டு அடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுப்பு வலை எடுங்கள். வெள்ளை வலைக்குள் டார்ச் போட்டால் வலைதான் பளபளக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஷா ஆலாம் நடையன்:

அக்கா, இடது முழங்கையை வைத்தே நான் எப்படிப் படுக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்! ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். துணியில் பெர்மெத்ரின் பூச்சிமருந்து அடித்தால் இந்த ஹேமக்கையே வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்கு ஆகுமா? வீட்டில் பூனையும் இருக்கிறது. இன்னொன்று, பிள்ளைகளுக்கு எட்டும் பத்தும் வயது. அடிப்பக்கமாக நுழைகிற உறை அவர்களுக்கு ஒத்துவருமா?

செரெம்பான் லேப்காரர்:

இடையில் ஒரு வார்த்தை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நம் காடுகளில் குரங்கிலிருந்து மனிதனுக்கு வரும் நோலெசி மலேரியா இன்னும் இருக்கிறது. அதைப் பரப்பும் கொசு பொழுது சாய்ந்ததுமே கடிக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் வலைக்குள் போவது பத்து மணிக்கு. ஏழு மணிக்குச் சட்டைக் கையில்லாமல் சமைத்துக்கொண்டிருந்தால் எந்த வலை வாங்கியும் பயனில்லை. முழுக்கைச் சட்டை, காலுறை, பூச்சி மருந்து எல்லாம் இருட்டுவதற்கு முன்பே. திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

கிள்ளான் தையல்காரி:

லேப்காரர் சொன்னதைப் பிள்ளைகளின் அம்மாவிடமும் காட்டுங்கள்.

பெர்மெத்ரின் அடிக்கலாம். துணிக்கு அடிக்க 0.5 சதவீதக் கலவையாகவே விற்கிறார்கள். ஹேமக்கின் அடிப்பக்கத்துக்கு அடித்து, நன்றாகக் காயவிட்டு எடுத்துப் போங்கள். தோலில் பூசுகிற மருந்து இல்லை அது. காய்ந்த துணியில் பிள்ளைகள் படுக்கலாம். பூனைக்குத்தான் ஆகாது, ஈரமாக இருக்கும்போது கிட்டவே விடாதீர்கள். மீனுக்கும் விஷம், அதனால் வீட்டிலேயே அடித்துவிடுங்கள், ஆற்றங்கரையில் வைத்து அடிக்காதீர்கள். மரத்தில் கட்டும் பட்டைக்கும் கொஞ்சம் அடித்தால் எறும்பு அந்த வழியாக இறங்காது. துவைக்கத் துவைக்க வீரியம் குறையும், டப்பாவில் எத்தனை துவைப்பு என்று போட்டிருக்கும்.

ஆனால் மருந்து அடித்தாலும் உங்கள் ஹேமக்கில் புழுக்கம் அப்படியேதான் இருக்கும். அதை ஏதாவது காற்றோட்டமான இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வலையை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு வெறும் ஹேமக்காக உறைக்குள் தொங்கவிடுங்கள். தையலைப் பிரிக்க வேண்டியது ஓரம் மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு உறை வேண்டாம். நடு ராத்திரி ஒன்றுக்குப் போகிற அவசரத்தில் சுருக்கைத் தேடி அழுவார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஜிப் வைத்த பொடிக்கண் வலையே நல்லது. ஹேமக்குக்குள் நுரைப் பாய் ஒன்று விரித்துவிட்டால் முதுகுக் கடியும் இல்லை. பாய் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு துணி வைத்த ஹேமக் கிடைத்தால் நடுவில் செருகிவிடலாம்.

தியோமானில் இடம் பார்ப்பது வலையைவிட முக்கியம். அகாஸ் ஈர மணலிலும் சதுப்புச் சேற்றிலும் பிறப்பது, காற்றடித்தால் பறக்க முடியாது. ஆற்று வாயையும் சதுப்பு மரங்களையும் விட்டுத் தள்ளி, கடல்காற்று நேராக வரும் இடத்தில் கட்டுங்கள். பொடிக்கண் வலையின் புழுக்கமும் அங்கே தெரியாது. விடிகாலையிலும் அந்தியிலும் பிள்ளைகளை மணலில் உட்கார விடாதீர்கள்.

கொசுவத்தியை வலைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு பொறி பட்டால் நைலான் உருகி ஓட்டையாகிவிடும்.

உறை தைக்க வேண்டுமென்றால் ரிட்ஜ்லைன் நீளம் சொல்லுங்கள். கயிறு இல்லையென்றால் ஹேமக்கைத் தரையில் விரித்து ஒரு முனை முதல் மறுமுனை வரை அளந்து சொன்னால் போதும், அதில் 83 சதவீதம் என்று நான் கணக்குப் பண்ணிக்கொள்வேன். 3.3 மீட்டர் ஹேமக் என்றால் ஏறக்குறைய 2.75 மீட்டர் வரும்.

ஷா ஆலாம் நடையன்:

அளந்துவிட்டேன் அக்கா, சரியாக 3 மீட்டர். பெருங்கண் உறை ஒன்று, கறுப்பில். பிள்ளைகளுக்கு ஜிப் வைத்ததையே தேடுகிறேன். விலாசம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

ரவாங் ராஜா:

அக்கா, பாதி வலையும் தைப்பீர்களா? என்னுடையதில் எலாஸ்டிக் போய்விட்டது.