புதுப்பிப்பு: லிப்யூஎஸ்பியை சிமேக்கில் இணைத்தாயிற்று

உபுண்டுவில் நிறுவியிருக்கும் லிப்யூஎஸ்பி 1.0-ஐ (யூஎஸ்பி கருவிகளோடு பேச உதவும் லைப்ரரி) சிமேக் (நிரலை பில்ட் செய்ய உதவும் கருவி) கண்டுகொள்ளவில்லை, அதன் மூலநிரலையே திட்டத்துக்குள் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். சரி, அதற்குத் தேவை வரவில்லை.

சிமேக்கோடு வரும் ஃபைண்ட் மாட்யூல்களில் (லைப்ரரிகளைத் தேடித் தரும் துணை நிரல்கள்) லிப்யூஎஸ்பிக்கு ஒன்று கிடையாது. ஆனால் லிப்யூஎஸ்பியின் டெவ் பேக்கேஜில் (நிரல் எழுதுவோருக்கான கோப்புகளின் தொகுப்பு) ஒரு .பிசி கோப்பு இருக்கிறது; லைப்ரரியை எப்படி இணைப்பது என்ற விவரம் அதில் இருக்கும். ஹெடர் (நிரலில் சேர்க்க வேண்டிய அறிவிப்புக் கோப்பு), லிப்யூஎஸ்பி-1.0 என்ற துணைக் கோப்புறைக்குள் இருப்பதை அதுவே சொல்லிவிடும். சிமேக்கின் பிகேஜி-கான்ஃபிக் மாட்யூல் (.பிசி கோப்புகளைப் படிக்கும் பிகேஜி-கான்ஃபிக் கருவியை இயக்குவது) வழியாக அதைப் படிக்கவிட்டு, லைப்ரரியின் விவரங்களை ஒரே பெயரின் கீழ் தரும் 'இம்போர்ட்டட் டார்கெட்' தேர்வையும் சேர்த்தேன் (சிமேக் 3.6 முதல் உண்டு). ஹெடர் பாதை, லிங்க் விவரம் எல்லாம் ஒரே டார்கெட்டில் வந்துவிட்டன. பாதைகளைக் கையால் எழுதச் சொன்னவர்கள் மன்னிக்கவும். டெபியன் குடும்பத்தில் லைப்ரரி கோப்புறையின் பெயரிலேயே பிராசஸர் வகை இருக்கிறது, வேறு வகைக் கணினிக்குப் போனதும் உடைந்துவிடும்.

அப்புறம், ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கான கிராஸ் கம்பைல் (நம் கணினியிலேயே வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்குவது). இதில்தான் அதிக நேரம் போனது. 'பிகேஜி_கான்ஃபிக்_பாத்' என்ற சூழல் மாறி (பிகேஜி-கான்ஃபிக் எங்கே தேட வேண்டும் என்று சொல்வது) வழக்கமான தேடல் இடங்களோடு கூடுதலாகச் சேருமே தவிர அவற்றை விலக்காது. அதனால் நம் கணினியின் லைப்ரரியே வந்து மாட்டுகிறது. 'பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்' அந்த இடங்களையே மாற்றிவிடும். கூடவே 'பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர்' கொடுத்தால் பாதைகளின் முன்னே சிஸ்ரூட்டும் (ராஸ்பெரி பையின் கோப்புகளை நம் கணினியில் வைத்திருக்கும் கோப்புறை) ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் வைத்தபின் பில்ட் ஓடுகிறது.