தாளம் முந்தினால் பிழையா? கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' பதிவான விதம் குறித்து ஒரு கேள்வி

கொக்கிரகுளத்தான் எழுதியது:

நாங்கள் நால்வர் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து ராக் வாசித்து வருகிறோம். பாளையங்கோட்டையில் ஒரு நண்பரின் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடி, சொந்தமாக ஆறு பாட்டுகள் கட்டி வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவற்றைப் பதிவு செய்ய ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கிருந்தவர் பொறுமையானவர்தான், ஆனால் எங்களை ஒருவர்பின் ஒருவராகத் தனியே உட்கார வைத்து, காதில் தாளம் காட்டும் கிளிக் ஓசையை மாட்டி வாசிக்கச் சொல்லி, பிறகு டிரம்ஸின் ஒவ்வோர் அடியையும் கணினித் திரையில் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்திவிட்டார். கேட்டுப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை, பாட்டும் இல்லை.

அவற்றுள் ஒன்று 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது நாங்கள் பார்த்துப் பழகிய காட்சி. அந்த முறை ஆறு எங்கள் வீட்டின் மூன்றாம் படியில் வந்து நின்றது. மாடியில் வாசிக்கும்போது, தண்ணீர் படியேறும் இடம் வந்ததும் எங்களை அறியாமலே தாளம் முந்தும். ஸ்டுடியோவில் அதைத்தான் 'வேகம் கூடுகிறது, சரிசெய்துவிட்டேன்' என்றார்கள்.

கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் (மெருகில்லாத முரட்டு ராக்) குழுவின் 'லண்டன் காலிங்' ஆல்பத்தை இப்போது திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அதன் முதல் பாட்டில் ஆறு பெருகும் அச்சமும் அணு உலை அச்சமும் சேர்ந்து வருவதால், இந்தப் பக்கம் தாமிரபரணியும் அந்தப் பக்கம் கூடங்குளமுமாக வாழும் எங்களுக்கு அது அயலூர்ப் பாட்டாகத் தோன்றவில்லை. அதில் ஒரு பாட்டு வேகம் கூடியபடியே விடப்பட்டது என்கிறார்களே, உண்மையா? வெளிவந்த காலத்தில் இதைப் பங்க் என்று ஏற்றுக்கொண்டார்களா?

மகுடப்பிரியன் எழுதியது:

தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 'பிராண்ட் நியூ காடிலாக்' என்பது வின்ஸ் டெய்லர் 1959இல் பாடிய பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு. பதிவுக்கு முன் கையைச் சூடாக்கிக்கொள்ள வாசித்ததைத்தான் நாடா பிடித்துக்கொண்டது. வேகம் கூடிவிட்டது, மறுபடி வாசிக்கலாம் என்று டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடன் சொன்னதற்கு, ராக் அண்ட் ரோல் எல்லாமே வேகம் கூடத்தான் செய்யும் என்று சொல்லி, தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் அதையே வைத்துக்கொண்டார். 'ராங் எம் பாயோ'வில் ஒரு பாட்டைத் தொடங்கி, நிறுத்தி, வேறொன்றாகத் தொடங்குவதும் அப்படியே இருக்கிறது.

ஸ்டீவன்ஸ் சாதாரண ஆள் அல்லர். குடியால் பெயர் கெட்டு, வாய்ப்பு குறைந்திருந்த அவரை வைத்து வேலை செய்ய குழுவின் இசைத்தட்டு நிறுவனமான சிபிஎஸ் தயங்கியது. லண்டனின் ஹைபரியில் முன்பு தேவாலயக் கூடமாக இருந்த வெசெக்ஸ் ஸ்டுடியோவில், குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலிகளைத் தூக்கி வீசுவார், ஏணியைச் சுழற்றுவார், பியானோவில் மதுவை ஊற்றினார். பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம், வாசிப்பவருக்கு அது சாமிக்கு முன்னால் வாசிப்பது போல இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

காரணம் இருக்கிறது. நம் ஊர்ச் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். மகுடம் என்ற தோல்கருவியை வாசிப்பவர்கள் அதன் தோலைத் தீயில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, உச்சமும் மந்தமும் ஒத்து வந்த பின்புதான் கூட்டத்துக்குள் வருவார்கள். கதை பாடும் அண்ணாவி அதை நிதானமாகத்தான் எடுப்பார். சாமியாடுபவரின் தோள் குலுங்கத் தொடங்கியதும் மகுடம் முந்தும், அதற்கு மேல் அவரும் முந்துவார். அங்கே போய் யாராவது கிளிக் ஓசை கேட்பார்களா?

நாடாச்சுருள் எழுதியது:

அண்ணாச்சி சொன்ன கதைகள் சரி. ஆனால் இருபது ஆண்டுகளாக மைக் பிடித்து வைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கதைகளை மட்டும் கேட்டு வருகிற இளைஞர்களைக் கண்டு எனக்கு அச்சம் உண்டு. நாற்காலி பறந்தது அனைவருக்கும் தெரிகிறது. அதற்கு முன்பு நடந்தது தெரிவதில்லை. 1979இன் கோடையில் கிளாஷ் குழுவின் நால்வரும் லண்டனின் பிம்லிகோவில் ஒரு வாகனப் பணிமனையின் பின்னால் இருந்த வனில்லா என்ற ஒத்திகைக் கூடத்தில் வாரக்கணக்காக அடைந்து கிடந்தார்கள். ஜோ ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்ஸும் புதுப்பாட்டு வராமல் திணறியிருந்த காலம் அது. பழைய ராக், ஜமைக்காவின் ரெகே, ஸ்கா என்று கைக்கு வந்ததையெல்லாம் வாசித்து, இடையில் கால்பந்து ஆடி, அப்படித்தான் பாட்டுகள் பிறந்தன. நான்கு தட நாடாக் கருவியில் அவற்றைப் பதிந்தும் வைத்தார்கள். அந்த ஒத்திகை நாடாக்கள் 2004இல் வெளிவந்தபோது கேட்டால், பெரும்பாலான பாட்டுகளின் எலும்புக்கூடு ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன்பே நின்றுவிட்டது தெரியும். ஓரிரு முறை வாசித்ததிலேயே பதிவு முடிந்ததற்கு அதுதான் காரணம். ஏணி சுழன்ற கூடத்தில் ஒலியைச் சிதறாமல் பிடித்த பொறியாளர் பில் பிரைஸைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை என்பது எங்கள் தொழிலின் தலையெழுத்து.

ஆகவே கொக்கிரகுளத்தாரே, டிரம்ஸ், பேஸ், இரண்டு கிதார் ஆகிய நான்கையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பதியுங்கள். கிதார் ஆம்ப்களை டிரம்ஸுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து, நடுவே மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தினால் ஒலிக் கசிவு பாதி குறையும். மீதி இருந்துவிட்டுப் போகட்டும். குரலை மட்டும் பிறகு தனியே எடுங்கள். கிளிக் வேண்டாம். வேகம் எந்த அடியில் கூடுகிறது என்பது மட்டும் நால்வருக்கும் ஒன்றுபோல் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் முந்தி மற்றவர் பின்னால் ஓடினால் அது உணர்ச்சி அன்று, விபத்து.

பேட்டை வாசகி எழுதியது:

வரவேற்பைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 1978இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்கரான சாண்டி பேர்ல்மன் தயாரித்தார். அதற்கு மெருகு கூடிப்போயிற்று என்ற குறை எழுந்தது. அடுத்ததாக 1979 டிசம்பர் 14 அன்று பிரிட்டனில் 'லண்டன் காலிங்' வந்தபோது, ரெகேவும் ஜாஸ் சாயலும் குழல் வாத்தியங்களும் கலந்த 19 பாட்டுகளைக் கேட்டு, இது பங்க் இல்லை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இருந்தும் அங்கே 9ஆம் இடம் வரையும், அமெரிக்காவில் 27ஆம் இடம் வரையும் ஏறியது. இரண்டு இசைத்தட்டுகளை ஏறத்தாழ ஒரு தட்டின் விலைக்கு விற்கச் செய்ததே என் கணக்கில் அவர்களுடைய மிகப் பெரிய பங்க் காரியம். இலவசமாக ஒரு சிறு தட்டு சேர்க்க நிறுவனத்திடம் சம்மதம் வாங்கி, அதை முழுத் தட்டாக்கிவிட்டார்கள். கடைசியில் சேர்ந்த 'டிரெய்ன் இன் வெய்ன்' அட்டை அச்சான பிறகு வந்ததால் அதன் பெயரே பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 23ஆம் இடத்துக்குப் போனது அந்தப் பெயரில்லாப் பாட்டுதான். அங்கே தட்டு 1980 ஜனவரியில் வெளியானதால், 1980களின் மிகச் சிறந்த ஆல்பம் என்று 'ரோலிங் ஸ்டோன்' இதழ் இதைப் பின்னர் தேர்ந்தெடுத்தது.

அட்டைப்படத்தையும் பாருங்கள். நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில் பால் சிமனன் தம் பேஸ் கிதாரைத் தரையில் அடிக்கும் கணத்தைப் பென்னி ஸ்மித் எடுத்தார். படம் தெளிவாக இல்லை, வேண்டாம் என்று எடுத்தவரே மறுத்தும் ஸ்ட்ரம்மர் விடவில்லை.

கொக்கிரகுளத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. எங்கள் டிரம்ஸ்காரனிடம் அண்ணாச்சியின் மகுடக் கதையைப் படித்துக் காட்டினேன்; அவன் ஊரில் கொடை பார்த்து வளர்ந்தவன், 'இதை அந்த ஸ்டுடியோவில் சொல்லத் தெரியாமல் போயிற்றே' என்றான். மெத்தைகள் இரண்டு கிடைத்துவிட்டன. மாடி அறை சிறியது என்பதால், வண்ணார்பேட்டையில் என் மாமாவின் பாத்திரக் கிடங்கை வரும் ஞாயிறு பதிவுக்குக் கேட்டிருக்கிறேன். கூரை உயரமாக இருக்கிறது. ஒரே சிக்கல், நேற்று அங்கே ஸ்னேர் டிரம்மை ஒரு தட்டுத் தட்டியதும் அடுக்கில் இருந்த பித்தளை அண்டாக்கள் எல்லாம் சேர்ந்து ரீங்கரித்தன.

நாடாச்சுருள் எழுதியது:

அண்டாக்களின் வாயில் பழைய சாக்குகளைத் திணித்து வையுங்கள். ஒன்றை மட்டும் திறந்து விட்டு, அதன் வாயருகே ஒரு மைக் வைத்து, தண்ணீர் படியேறும் இடத்தில் அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.