டார்க் ரென்ச்சுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், புதன்கிழமைக்குள்

வியாசர்பாடியிலிருந்து, ஞாயிறு இரவு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாலை வகுப்புப் பையன்கள் பதினான்கு பேர் அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகிறார்கள். புதிதாகக் கார்ப் பந்தயம் பழகும் ஒருவருக்கு உதவியாளர்களாக. அங்கே எடுத்துப்போக வேண்டிய கருவிகளைப் பற்றி நான்கு பக்கத் தாள் ஒன்று எழுதி வருகிறேன். புதன் காலை அச்சுக்குப் போக வேண்டும்.

தலைக்கவசம், கையுறை, தீயணைப்பான் இவற்றில் சிக்கல் இல்லை. ஜாக்கியும் ஸ்பேனரும் தமிழாகிவிட்டன, அவற்றைத் தொடப்போவதில்லை. ஜாக்கியில் தூக்கியபின் வண்டியைத் தாங்க அடியில் நிறுத்தும் கால்களுக்கு ‘முட்டு’ என்று எழுதிவிட்டேன். நிற்பது, மரையை வேண்டிய அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச் ஒன்றுதான்.

ஏன் இதற்கு மட்டும் இவ்வளவு யோசனை என்றால், சென்ற ஆண்டு ஒரு பயிற்சி நாளில் எங்கள் பையன் ஒருவன் சக்கர மரையை (நட்டை) இறுக்க, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றான். போல்ட் முறிந்தது. அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. நான் அவனைத் திட்டவில்லை. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்றுதான் அவன் நம்பினான். கருவியின் பெயரிலேயே ‘இவ்வளவு போதும்’ என்பது இருக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

பெரம்பூரிலிருந்து

தம்பி, டார்க் என்பதைப் பள்ளிப் பாடநூலில் ‘திருப்பு விசை’ என்கிறோம். பாலிடெக்னிக் பக்கம் போனால் அதே பொருளுக்கு ‘முறுக்கு விசை’ என்கிறார்கள். இரண்டும் பிழையில்லை. உங்கள் பையன்கள் பட்டறைக்காரர்கள் என்பதால் ‘முறுக்குவிசைக் குறடு’ என்று வைக்கலாமே?

நீங்கள் சொன்ன போல்ட் கதையைப் படித்ததும் ‘பீலிபெய் சாகாடு’ குறள் நினைவுக்கு வந்தது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். தாளின் முதல் பக்கத்தில் அதைப் போடுங்கள்.

ஒரு சிறு ஐயம்: ‘முட்டு’ என்ற சொல்லை இன்று பையன்கள் வேறு பொருளில் அல்லவா பேசுகிறார்கள்? தலைவருக்கு முட்டுக் கொடுக்கிறான் என்பதுபோல.

எண்ணூரிலிருந்து

பெரம்பூர் அம்மா சொன்னதில் ‘குறடு’ மட்டும் வேண்டாம். முப்பது வருடம் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன். குறடு என்றால் கவ்விப் பிடிப்பது. தாளில் அப்படிப் போட்டால் ஒருவன் நிஜமாகவே கட்டிங் பிளேயரை எடுத்து மரையைத் திருகுவான். ஆறு முனையும் மழுங்கிப்போகும், அப்புறம் எந்த ஸ்பேனரும் உட்காராது.

‘முட்டு’ இருக்கட்டும். சாய்கிற சுவருக்கும் முட்டுத்தான் கொடுக்கிறோம். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, முட்டு கொடுத்துவிட்டுப் போ என்று சொன்னால் எந்தப் பையனுக்குப் புரியாது?

டார்க் ரென்ச்சுக்குச் சொல் தேடுகிறவர்கள் அது என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அரை மீட்டர் நீளக் கைப்பிடி. நுனியில் இருபது கிலோ அளவுக்கு அழுத்தினால் கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பல சிறிய கார்களின் சக்கர மரைக்குத் தேவையானது இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். சரியான எண்ணை அந்தந்தக் கார்க் கையேட்டில் பார்க்க வேண்டும். கைப்பிடியில் அந்த அளவை வைத்து இறுக்கினால், அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒரு தட்டு கைக்குத் தெரியும். ஆனால் ஒன்று, கருவி தானாக நிற்காது. தட்டு கேட்ட பிறகும் இழுத்தால் மரை மேலும் இறுகிக்கொண்டே போகும். நிறுத்த வேண்டியது கைதான்.

கொளத்தூரிலிருந்து

நண்பர்களே, வேரிலிருந்து போவோம். முறுகு தன்வினை, முறுக்கு பிறவினை. பெருகு, பெருக்கு போல. முறுகல் தோசையில் இருப்பதும் முறுக்கு மீசையில் இருப்பதும் ஒரே வேர். முறுக்கு மீறினால் முறிவு. முடங்கு, முடக்கு, முடிச்சு இவையெல்லாம் வளைவைக் குறிக்கும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு. பாவாணர் வழியில் நின்று பார்ப்பவர்கள் உடன்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

திருகாணியை இறுக்குவதற்குத் தச்சர்கள் ‘முடுக்கு’ என்றே சொல்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை ‘அளவுமுடுக்கி’. அளவோடு முடுக்குவது. தம்பி கேட்ட ‘போதும்’ அதில் இருக்கிறது.

இன்னொன்று, ‘மரை’ என்று இடையின ரகரத்தில் எழுதியதற்கு நன்றி. ‘மறை கழன்றவன்’ என்று அச்சில் வருவதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து

அண்ணா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இதே தாளின் மூன்றாம் பக்கத்தில் ஆக்சிலரேட்டருக்கு ‘முடுக்கி’ என்று எழுதியிருக்கிறேன். ‘அளவுமுடுக்கி’ என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏதோ பொருள் என்று படிப்பார்கள். கார்ப் பந்தயத் தாளில் அந்தக் குழப்பம் கூடவே கூடாது.

செங்குன்றத்திலிருந்து

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பந்தயமெல்லாம் எங்கள் பக்கம், சோழவரத்தில். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ஓட்டுவார்கள். சிறுவனாக இருந்தபோது சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறேன். சக்கரம் மாற்றும் ஆட்கள் கைப்பழக்கத்தில்தான் இறுக்குவார்கள், எதிரெதிர் மரையாக மாற்றி மாற்றி. அந்த வரிசையைத் தாளில் எழுதியிருக்கிறீர்களா?

சொல்லுக்கு வருகிறேன். மரை என்பதைவிட ‘புரி’ பழையது, இனியது. முப்புரி நூல், வலம்புரிச் சங்கு. வலப்பக்கம் திருகினால் இறுகும் ஆணிக்கு ‘வலம்புரி ஆணி’, மாறாக இறுகுவதற்கு ‘இடம்புரி ஆணி’ என்று சொல்லிப் பாருங்கள். ஆண்டாள் பாடிய வலம்புரி பட்டறைக்கு வந்தால் என்ன? டார்க் ரென்ச்சுக்கு ‘புரியளவி’ என்பேன்.

திருவொற்றியூரிலிருந்து

ஐயா, வலம்புரி ஆணி எனக்கு மிகவும் பிடித்தது. என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ‘புரியளவி’ மட்டும் புரி எத்தனை என்று அளப்பதுபோல ஒலிக்கிறது.

நான் இயந்திரவியல் இறுதியாண்டு. எங்கள் ஆய்வகத்தில் பையன்கள் ‘டக் ஸ்பேனர்’ என்கிறார்கள். கணினியில் ‘சொடுக்கு’ இருக்கிறதே, ‘சொடுக்கு ஸ்பேனர்’ என்றால் எல்லோருக்கும் சட்டென்று விளங்கும்.

கொளத்தூரிலிருந்து

பாதித் தமிழ், பாதி ஆங்கிலம் என்று ஒட்டுப்போட்டால் நாளைக்கு எல்லாச் சொல்லும் அப்படியே ஆகிவிடும் அம்மா. தவிர, அளவை முள்ளால் காட்டும் வகையும் உண்டு. அது சொடுக்காது. அதற்கு வேறொரு பெயரா?

பெரம்பூரிலிருந்து

முள் வகையைப் பற்றிக் கொளத்தூர்க்காரர் சொன்னது சரி. ஸ்பேனர் மேல் எனக்குப் பகை இல்லை.

இரவெல்லாம் யோசித்ததில் ‘திருப்புளி’ நினைவுக்கு வந்தது. திருப்பு, உளி. உயிர் வர உகரம் ஓடிற்று. நன்னூல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சொல்லுக்காக யாரும் குழு கூட்டியதாகத் தெரியவில்லை, பையன்களுக்கும் பழகிய சொல். அதே வழியில் ‘திருப்பளவி’. திருப்பு விசையின் அளவும் அதில் வந்துவிடுகிறது. திருப்புளியோடு ஒரே பெட்டியில் கிடக்கும் கருவிக்குத் திருப்பளவி என்றால் காதுக்கும் பொருத்தம்.

திருவொற்றியூரிலிருந்து

திருப்பளவிக்கு என் கை உயர்ந்தது.

செங்குன்றத்திலிருந்து

புரியை விட மனமில்லை. ஆனாலும் நாளை புதன். திருப்பளவி.

கொளத்தூரிலிருந்து

எதிர்க்கிறேன், பதிவில் இருக்கட்டும். அளவி என்றால் அளப்பது மட்டும். இந்தக் கருவி இறுக்கவும் செய்கிறது. ‘முறுக்களவி’ என்றாவது வையுங்கள், வேராவது நிற்கும்.

எண்ணூரிலிருந்து

பெயர் எதுவானாலும் மூன்று வரி சேருங்கள் தம்பி. இதை வைத்து மரையைக் கழற்றக் கூடாது, கழற்ற வேறு ஸ்பேனர். வேலை முடிந்ததும் அளவை அடிவரை குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் தளரும். முதல் சில சுற்று ஓடி வந்து சக்கரம் ஆறியபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

பாரிமுனைக் கடையில் போய்த் திருப்பளவி கேட்டால் எடுத்துத் தர மாட்டார்கள். அதனால் டார்க் ரென்ச் என்ற பெயரும் தாளில் இருந்தே ஆக வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

வியாசர்பாடியிலிருந்து, செவ்வாய் இரவு

‘டார்க் ரென்ச் எனப்படும் திருப்பளவி’ என்று எழுதிவிட்டேன். எண்ணூர் ஐயாவின் மூன்று வரியும் செங்குன்றம் ஐயா சொன்ன எதிரெதிர் வரிசையும் படத்தோடு வருகின்றன. குறள் முதல் பக்கத்தில். கொளத்தூர் அண்ணாவின் எதிர்ப்பைக் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த பதிப்பில் மறுபடி பேசுவோம்.

இன்னொன்று மாட்டிக்கொண்டது. டயர் காற்றைப் பார்க்கும் கருவிக்குக் ‘காற்றழுத்தமானி’ என்று எழுதியிருந்தேன். பாரோமீட்டருக்கும் அதே பெயர்தானே? காலை ஏழு மணிக்கு அச்சகத்துக்குப் போகிறேன். அதற்குள் யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.