பார்த்தாலே வந்துவிடுமா?

தாராவிக்காரன்:
"பார்த்தாலே எந்தத் தொழிலும் வந்துவிடும், உளவியலாளர் பண்டூரா 1961-லேயே நிரூபித்துவிட்டார்" என்று செம்பூர் வாத்தியார் நேற்று எழுதியிருக்கிறார். தோல் வெட்டும் பட்டறையில் முதல் ஆறு மாதம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கத்தியை வாங்கிய அன்றே ஒரு முழுத் தோல் பாழ். பார்த்ததெல்லாம் எங்கே போயிற்று, ஐயா?

செம்பூர் வாத்தியார்:
தம்பி, பண்டூராவின் சோதனையில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலைப் பள்ளியின் 72 குழந்தைகள். அவர்களில் 24 பேர் பார்க்க, ஒரு பெரியவர் 5 அடி உயரக் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்தார். பிறகு பல குழந்தைகள் அதேபோல அடித்தார்கள், அவர் சொன்ன சொற்களையும் சொன்னார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பரிசும் இல்லை. உம்முடைய தோல் பாழானதற்குப் பண்டூரா என்ன செய்வார்?

மாட்டுங்கா மாமி:
5 அடியா? குழந்தைகள் அடித்த பொம்மை 3 அடி. வாத்தியார் கணக்கு எப்போதும் இப்படித்தான். பொங்கல் விழா வரவு செலவிலேயே பார்த்தோமே.

செம்பூர் வாத்தியார்:
5 அடி. ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கிறது. பொங்கலை இழுக்காதீர்கள், நெய் குறைந்தது யாரால் என்று எனக்கும் தெரியும்.

சயான் புதியவன்:
பெரியவர் அடித்தது 5 அடி. குழந்தைகளைச் சோதித்த அறையில் இருந்தது 3 அடி. இரண்டு அறை, இரண்டு பொம்மை.

செம்பூர் வாத்தியார்:
புதியவர், பொறுத்துக்கொள்கிறேன். 5 அடி.

மாட்டுங்கா மாமி:
3.

தாராவிக்காரன்:
பொம்மை பனைமர உயரம் இருந்தால்தான் எனக்கென்ன? பொம்மையை அடிக்கப் பழக்கம் வேண்டாம். தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துவது என்பதை மேஸ்திரியின் கையைப் பார்த்து அறிய முடியாது. நம் மணிக்கட்டு வலித்த பிறகுதான் தெரியும்.

செம்பூர் வாத்தியார்:
அதையும் பண்டூரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கவனம், நினைவு, செய்துகாட்டும் திறன், ஊக்கம் என்று நான்கு. உம்மிடம் மூன்றாவது இல்லை. அது என் குற்றமா?

தாராவிக்காரன்:
அந்த மூன்றாவதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்!

செம்பூர் வாத்தியார்:
கேட்கும் முறை இருக்கிறது. தாதரில் ஓடும் லோக்கல் ரயிலில் ஏற எனக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? நான்கு நாள் நின்று பார்த்தேன், ஐந்தாம் நாள் ஏறிவிட்டேன்.

மாட்டுங்கா மாமி:
ஏறினீர்கள். ஒரு செருப்பு நடைமேடையிலேயே கிடந்தது.

செம்பூர் வாத்தியார்:
அது என் செருப்பு அல்ல. பொம்மை 5 அடி.