பி.பி. மாத்திரை மாற்றிய பிறகு கிறுகிறுப்பு, பைக் ஓட்டலாமா?

லைன்வண்டி (கேள்வி):
வணக்கம். எனக்கு வயது 51. திண்டுக்கல்லில் ஒரு பிஸ்கட் ஏஜென்சிக்குக் கடை கடையாக லைன் போகிறேன். வேடசந்தூர், எரியோடு, வடமதுரை என்று தினமும் 80, 90 கிலோமீட்டர் ஸ்பிளெண்டரில்தான்.

இரண்டு வருடமாக பி.பி.க்கு டெல்மிசார்டன் 40 மட்டும் போட்டேன். போன மாதம் 160/100 காட்டியது. குளோர்தாலிடோன் 12.5 சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார் டாக்டர். காலை எட்டு மணிக்குப் போடுகிறேன். வீட்டு மெஷினில் இப்போது 120/78.

வியாழக்கிழமை எரியோட்டில் ஒரு கடை. பையின் அடியில் கிடந்த ஐந்து ரூபாய் பாக்கெட்டுகளைக் குத்தவைத்து எண்ணிவிட்டு எழுந்தேன். காது அடைத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டிய மிட்டாய் பாட்டிலைப் பிடித்தேன், அது கீழே விழுந்து உடைந்தது. கடைக்கார அக்கா ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு லாரியை முந்தி வந்திருந்தேன். ராத்திரி படுத்தால் அந்த லாரிதான் கண்ணில் நிற்கிறது.

பைக் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா? லைன் போகும் நாளில் மட்டும் விட்டுவிடலாமா?

மலைப்பாதை:
அண்ணே, நீங்களாக விடாதீர்கள். நான் பி.பி.க்கு மெட்டோப்ரோலால் என்ற மாத்திரை போட்ட புதிதில் உடம்பு அசதியாகவே கிடக்கும். வத்தலக்குண்டு வழியில் தூக்கம் சொக்குகிற மாதிரி இருக்கும். கடுப்பில் இரண்டு நாள் நிறுத்தினேன். மூன்றாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிறகு டாக்டர்தான் அளவைக் குறைத்தார், சரியாகிவிட்டது.

ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, நீங்கள் உட்கார்ந்து பார்த்த பி.பி.யைச் சொல்கிறீர்கள். உங்களுக்குத் தேவை நின்று பார்க்கும் பி.பி. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை எழுதிய சீட்டோடு அன்றே டாக்டரைப் பாருங்கள். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள்.

மாத்திரையை இரவுக்கு மாற்றினால் கிறுகிறுப்பு போய்விடாது. குளோர்தாலிடோன் நீர் மாத்திரை, அதன் வேலை ஒரு நாளைத் தாண்டியும் இருக்கும். இரவில் போட்டால் தூக்கத்தில் எழுந்து பாத்ரூம் போகும்போது விழுவீர்கள். சரி, லைனில் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்? வலி மாத்திரை ஏதாவது?

லைன்வண்டி:
காலையில் ஒரு டம்ளர், மதியம் சாப்பாட்டோடு ஒன்று. இந்த மாத்திரைக்கு அடிக்கடி முட்டுகிறது, வழியில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். முதுகுவலிக்கு வாரத்தில் மூன்று நாள் டைக்ளோஃபெனாக், மெடிக்கலில் கேட்டு வாங்குவது.

ஓய்வுபெற்ற செவிலியர்:
எனக்குப் பதறுகிறது தம்பி. நீர் மாத்திரை உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றுகிறது, வெயில் இன்னொரு பக்கம் இழுக்கிறது, நீங்கள் குடிப்பதும் இல்லை. இதில் டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அடி, பி.பி.யையும் ஏற்றும். உங்கள் பி.பி. 160-க்குப் போனதற்கே அது ஒரு காரணமாக இருக்கலாம். வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் உப்புகளான சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி எப்போதாவது வண்டியில் போகும்போது கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காது அடைப்பு வந்தால் அடுத்த கடை வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். வண்டியில் சாய்ந்து நிற்க வேண்டாம்.

லைன்வண்டி:
அம்மா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். உட்கார்ந்து 122/78, நின்று 98/66. சோடியம் 131தான், குறைவாக இருந்தது. டாக்டர் நீர் மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்டனோடு அம்லோடிபின் 5 என்ற வேறு பி.பி. மாத்திரை கொடுத்திருக்கிறார். காலில் வீக்கம் வந்தால் வரச் சொன்னார். முதுகுக்குத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். பத்து நாள் மச்சான் மகன் வண்டி ஓட்டினான், நான் பையோடு பின்னால் உட்கார்ந்து போனேன். நேற்று நின்று பார்த்தது 126/80, இரத்தப் பரிசோதனையும் சரியாகிவிட்டது. டாக்டர் ஓட்டலாம் என்றார்.

நாளை எரியோடு லைன். அந்த அக்காவுக்கு மிட்டாய் பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.