துபாய் செக்யூரிட்டி வேலைக்கு 1,20,000 ரூபாய், விசிட் விசா: என்னென்ன பாக்கணும்?

வத்தல்மலை கேட்டது:
மச்சானுக்கு வயசு 27, எட்டாவது வரைதான் படிப்பு. ஊத்தங்கரை பக்கத்து ஆள் ஒருத்தர் துபாய்ல செக்யூரிட்டி வேலைன்னு 1,20,000 ரூபாய் கேக்கிறார். சம்பளம் 2,200 திர்ஹாம், 12 மணி நேர டியூட்டி, ரூம் ஃப்ரீ. விசிட் விசாவுல போய் அங்க மாத்திக்கலாமாம். ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் 40,000 அட்வான்ஸும் திங்கட்கிழமைக்குள்ள வேணுமாம். வீட்ல நகையை அடகு வைக்கப் பாக்கிறாங்க.

தென்பெண்ணை:
அடகுக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஆர்.ஏ. லைசென்ஸ் (வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் உரிமம்) நம்பர் கேளுங்க. இந்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) தளத்துல பதிவான ஏஜென்ட் பட்டியல் இருக்கு. நம்பர் இருந்தா மட்டும் போதாது, இன்னும் செல்லுபடியா, காலாவதியான்னும் பாருங்க. வேற கம்பெனி நம்பரைக் காட்டுறது வழக்கமான வேலை. அதனால அவர் குடுத்த செல் நம்பரை விட்டுட்டு, தளத்துல இருக்கிற ஆபீஸ் நம்பருக்கு அடிச்சு "இவர் உங்க ஆளா, இந்த வேலை உங்ககிட்ட இருக்கா"ன்னு கேளுங்க. சப்-ஏஜென்ட்னு ஒரு ஆளை 1983 குடியேற்றச் சட்டம் ஏத்துக்கிறதே இல்லை.

ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தா 35,400. ரசீது கட்டாயம். இவர் அட்வான்ஸே அதைத் தாண்டுது!

பத்தாவது முடிக்காததால பெரும்பாலும் இசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக நம்ம அரசு அனுமதி தேவைப்படுற வகை) பாஸ்போர்ட்டாத்தான் இருக்கும். அமீரகத்துக்கு வேலைக்குப் போக அந்தக் குடியேற்ற அனுமதி வேணும். விசிட் விசா சொல்றதே அதைத் தவிர்க்கத்தான். அந்த வழியில போனா ஒப்பந்தம் இங்க பதிவாகாது, 10 லட்சம் காப்பீடும் கிடையாது.

மாங்கொட்டை:
துபாய்ல சிரா (SIRA, அங்க செக்யூரிட்டி துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) அட்டை இல்லாம செக்யூரிட்டியா நிக்க முடியாது. அதுக்குப் பயிற்சி, தேர்வு, ஓரளவு பேச்சு இங்கிலீஷ் எல்லாம் உண்டு. மச்சானுக்கு இங்கிலீஷ் எப்படி? தேர்வுல தேறலைன்னா கிளீனிங், லோடிங்னு தள்ளிவிடுவாங்க. விசிட் விசாவுல வேலை பாக்கிறதும் சட்டவிரோதம். விசா முடிஞ்சு தங்கினா நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் இவர் தலையில ஏறும், கம்பெனி கைகழுவிடும்.

பயிற்சிச் செலவு, விசா செலவுன்னு சம்பளத்துல பிடிப்பாங்க. அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கிற செலவை தொழிலாளிகிட்ட வசூலிக்கவே கூடாது.

சந்தூர் கணக்கு:
2,200-ஐ அப்படியே நம்பாதீங்க. பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. பேசிக் 1,200-ன்னு வெச்சுக்குவோம். 30 நாள், நாளுக்கு 8 மணின்னு வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு 5 திர்ஹாம், ஓ.டி.க்கு 25% கூட்டினா 6.25. இடைவேளை போக 11 மணி நேரம் நின்னா தினம் 3 மணி ஓ.டி., 26 நாளுக்கு 78 மணி, 487.50 திர்ஹாம். மொத்தம் 1,687.50. மீதி 500 சொச்சம் என்ன அலவன்ஸ்னு பேப்பர்ல இருக்கணும். சட்டப்படி நாளுக்கு ஓ.டி. 2 மணிதான், அதனால மூணாவது மணியைக் கணக்குல காட்டாம விழுங்கிடுவாங்க. கிராஜுவிட்டியும் (வேலையை விட்டு வரும்போது தர்ற பணிக்கொடை) பேசிக்கை வெச்சுத்தான்: முதல் அஞ்சு வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்துறது இதுக்குத்தான்.

இங்க காட்டின ஆஃபர் லெட்டரும் அங்க கையெழுத்து கேக்கிற ஒப்பந்தமும் ஒண்ணாங்கிறதை வரிவரியாப் பாக்கணும். ஒரு நகல் வீட்ல இருக்கட்டும்.

வத்தல்மலை:
மச்சான் நேத்தே 10,000 ஜிபேல போட்டுட்டாராம். பாஸ்போர்ட் இன்னும் குடுக்கலை.

தென்பெண்ணை:
குடுக்காதீங்க, நகல் போதும். ஜிபேல போட்டது ஒருவகையில நல்லது, ரொக்கமா இருந்தா தடயமே இருக்காது. பரிவர்த்தனை நம்பர் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, வாய்ஸ் மெசேஜ், விளம்பர நோட்டீஸ் எல்லாத்தையும் வேற போன்லயும் சேத்து வைங்க. பணத்தைத் திருப்பிக் கேக்கிறதை வாட்ஸ்அப்ல எழுத்தாவே கேளுங்க. மழுப்பினா கிருஷ்ணகிரி எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (போலீஸ் புகாரை வாங்கினதுக்குத் தர்ற ரசீது) கேளுங்க, அதோட நகலை சென்னை குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அனுப்புங்க.

மாங்கொட்டை:
"துபாய் இல்லைன்னா ரஷ்யாவுல செக்யூரிட்டி ஹெல்ப்பர்"னு பேச்சை மாத்தினா அங்கேயே நிறுத்திக்குங்க. அந்தப் பேர்ல கூட்டிட்டுப் போய் உக்ரைன் போர்முனையில நிறுத்தினதுக்கு சிபிஐ 2024 மார்ச்லயே வழக்குப் போட்டிருக்கு. வெளிநாட்டு வேலைதான் வேணும்னா தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துலயும் பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க. அங்க அழைப்பு வர நாளாகும், அதான் ஆளுங்க பொறுக்கமாட்டேங்கிறாங்க.